கெட்டித் தண்ணீர்

என் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எங்கள் அம்மா திணறிப்போவாள்.

"டாக்டர் மாதிரி" என்பாள்.

"மாதிரின்னா?"

"தொண்டைக்கு."

அதற்குமேல் கேட்டால், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பக்கவாதம் வந்தால் பேச்சு குழறும் என்று ஊருக்கே தெரியும். விழுங்குவதும் தடுமாறும் என்பது தன் வீட்டில் ஒருவருக்கு வந்தால்தான் தெரியும். வாயில் விட்ட தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வந்து ஆளையே சாய்த்துவிடும். நமக்குப் புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவோம். அக்கா சிரிக்க மாட்டாள். அந்த ஒரு வாய்த் தண்ணீரைச் சரியான வழியில் இறக்கிவிடுவதுதான் அவளுடைய வேலை. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட். காலையிலிருந்து மாலை வரை "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் வார்டில் அவளுக்கு முழுங்கம்மா என்று பெயர்.

வேலையை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் எங்கள் தட்டைப் பார்க்க மாட்டாள், தொண்டையைப் பார்ப்பாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காபிக் கடையில் முதல்முறை சந்தித்தபோது, இவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சங்கிலி போட்டிருக்கிறேனா என்று பார்க்கிறாள்போல என நினைத்துவிட்டேன் என்று அவர் இன்றும் சொல்வார்.

விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கெட்டித் தண்ணீர் கொடுப்பார்கள். தண்ணீரில் ஒரு மாவைக் கலக்கினால் அது பசை மாதிரி ஆகிவிடும். மெதுவாக இறங்கும், அதனால் வழி தவறாது என்பது கணக்கு. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. குடிக்கிறவர்கள் முகம்தான் நன்றாக இல்லை. சிலர் ஒரு கரண்டியோடு வாயை மூடிக்கொள்வார்கள். சிலர் அழுவார்கள். பொருள்களை ஏலம் விட்டே வாழ்நாளைக் கழித்த ஒருவர் அப்போது வார்டில் இருந்தார். பக்கவாதத்தில் அவருடைய வலது கையும் பாதி வார்த்தைகளும் போயிருந்தன. குரல் மட்டும் போகவில்லை. கோப்பையை இடது கையால் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

"இதை... நான்... ஏலத்துல கூட... விக்க மாட்டேன்."

அக்கா அதை மனதில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களின் நாக்கு வறண்டு போவதையும், ஆள் சோர்ந்து போவதையும் பார்த்தாள். ஒருநாள் பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வார்டைச் சுற்றி வந்தபோது கேட்டுவிட்டாள். பெரிய டாக்டர் நரம்பியல் பிரிவின் தலைவர். அவர் தும்மினால் பத்துப் பேர் ஜன்னலை மூடுவார்கள்.

"சார், நுரையீரலைக் காப்பாத்தறோம்னு சொல்லி ஆளைக் காயப்போடறோமோ?"

"அப்படின்னு சொல்ல ஆதாரம் இருக்காம்மா?"

"இதைக் குடுத்தே ஆகணும்னு சொல்ல ஆதாரம் இருக்கா சார்?"

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப நீங்களே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். போய் வேலையைப் பாரம்மா என்பதன் மரியாதையான வடிவம் அது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் என் அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. கிண்டலாகச் சொன்னதைக்கூட உத்தரவாக எடுத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் பாதி, பல்கலைக்கழகத்தில் பாதி என்று ஒரு வேலை இருந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்யலாம். விண்ணப்பித்தாள், கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு மேலதிகாரிகள், இரண்டு அடையாள அட்டைகள்; ஆனால் உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவளுடைய மேசைமேல் எடை பார்க்கும் கருவியை ஏற்றி வைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஜெராக்ஸ் மெஷின் இருந்த அறையைக் கொடுத்தார்கள். யார் நகல் எடுக்க வந்தாலும் அவள் எழுந்து வெளியே நிற்கவேண்டும். இங்கே போனால் "இன்னிக்கு அங்கதானே உங்களுக்கு?" என்பார்கள். அங்கே போனாலும் அதையேதான் சொல்வார்கள்.

கடைசியில் மாமாவின் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டுதான் அவளுக்கு அலுவலகமானது. முன்னால் ஒருவர் வண்டி ஓட்டப் பழகுவார். பின்னால் அக்கா மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதுவாள். பழகுகிறவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் முறிந்துபோகும். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் வாக்கியங்கள் துண்டு துண்டாக இருந்ததற்கு அதுதான் காரணம். வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "நடை ரொம்பத் தெளிவா இருக்கு, இதையே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார்.

முனைவர் பட்டம் வந்தது. அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "இப்ப மாதிரி இல்லை. டாக்டரேதான்."

அதற்குப் பிறகுதான், கெட்டித் தண்ணீரால் நன்மையா கெடுதலா என்று பார்க்கும் பெரிய ஆய்வுக்கு நிதி கிடைத்தது. ஒரே துறை ஆட்கள் கூடிப் பேசினால் போதாது, பல துறையினர் சேர வேண்டும், நோயாளி ஒருவரும் குழுவில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தலைமை அக்கா. குழுவில் பெரிய டாக்டர் சேர்ந்தார். தான் வாய் தவறிச் சொன்னது எதில் போய் முடிகிறது என்று பார்க்கவே வந்தார் என்பது என் கணிப்பு. புள்ளியியல் பேராசிரியை ஒருவர், டயட்டீஷியன் ஒருவர், வாயைத் திறக்கவே கூச்சப்படும் இன்ஜினியர் ஒருவர். நோயாளிகள் சார்பில் நம் ஏலக்காரர்; அதற்குள் வீடு திரும்பி, கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தார்.

முதல் கூட்டம் முழுவதும், ஒரு மடக்கு என்றால் என்ன என்பதிலேயே போய்விட்டது. அக்கா வீட்டுக்கு வந்து எல்லோருடைய குரலிலும் நடித்துக் காட்டினாள்.

"ஒரு மடக்குன்னா எத்தனை மில்லி? அது தெரியாம நான் கணக்கே போட முடியாது" என்றார் பேராசிரியை.

"குரல்வளை ஒரு தடவை ஏறி இறங்கினா... ஒரு மடக்கு" என்றார் இன்ஜினியர், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"வாயில போனதா முக்கியம்? டம்ளர்ல எவ்வளவு மிச்சம்னு பாருங்க" என்றார் டயட்டீஷியன்.

"புரை ஏறாம உள்ள போனா மடக்கு. ஏறினா அது கேஸ்" என்றார் பெரிய டாக்டர்.

சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஏலக்காரர் கைத்தடியால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"மில்லி... ஒரு தரம்! மில்லி... ரெண்டு தரம்! மில்லி... மூணு தரம்!"

முடிவாகிவிட்டது. வேறு எதைச் சொல்ல வந்தாலும் வார்த்தையைத் தேடுகிற அந்த மனிதருக்கு இந்த மூன்று தரம் மட்டும் தடையே இல்லாமல் வந்தது. வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய சொல் பக்கவாதத்திலும் தங்கிவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கூட்டத்தை முடிக்க இவரை விட்டால் ஆள் இல்லை என்பதுதான்.

வேலை தொடங்குமுன் அக்கா ஒரு யோசனை சொன்னாள். "நாம எல்லாரும் ரெண்டு நாளைக்குக் கெட்டித் தண்ணி மட்டும் குடிச்சுப் பார்ப்போம். காபி, ஜூஸ் எல்லாமே அப்படித்தான்." ஏலக்காரருக்கு மட்டும் விலக்கு, அவர் தன் பங்கை ஏற்கெனவே குடித்துவிட்டார். இன்ஜினியர் ஒரு கழுத்துப் பட்டை செய்திருந்தார். விழுங்கும் சத்தத்தைக் கேட்டு, போவது கெட்டியா சாதாரணத் தண்ணீரா என்று அது பிரித்துச் சொல்லும். சொல்லுமா என்பது அவருக்கே சந்தேகம். அதையும் எல்லோரும் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

"ரெண்டு நாள்தானே? நான் ராணுவ கேம்ப்ல இருந்தவன்மா" என்றார் பெரிய டாக்டர்.

நானும் மாமாவும் வீட்டிலிருந்தே கலந்துகொண்டோம். அந்தக் காபியில் கரண்டியை நட்டால் நின்றது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது என்ன, கியர் பாக்ஸுக்கு ஊத்தறதா?" என்றார். நான் மத்தியானத்தோடு தோற்றேன். புள்ளியியல் பேராசிரியை எனக்கும் முன்னால் தோற்று, தோற்ற நேரத்தை நிமிட சுத்தமாக எழுதி அனுப்பிவிட்டார். டயட்டீஷியன் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார். அக்காவும் முடித்தாள். பெரிய டாக்டர் நெஞ்சை நிமிர்த்தி, "நான் முடிச்சாச்சு" என்று அறிவித்தார்.

அடுத்த கூட்டத்தில் இன்ஜினியர் முகம் வாடியிருந்தது. திரையில் வரைபடங்களைப் போட்டார்.

"மன்னிக்கணும் மேடம். என் கருவி ஃபெயில் ஆயிடுச்சு. எல்லாருக்கும் சரியா வந்திருக்கு. பெரிய டாக்டர் சாரோட பட்டையில மட்டும் சாதாரணத் தண்ணி குடிச்ச மாதிரியே காட்டுது. திரும்பத் திரும்பக் காட்டுது."

எல்லோரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஏலக்காரர் மெல்லத் தடியை எடுத்தார். "ஒரு தரம்..."

"கை கழுவப் போன இடத்துல, சும்மா, ஒரு வாய்" என்றார் பெரிய டாக்டர்.

"ரெண்டு தரம்..."

"சரி, நாலஞ்சு வாய்."

"மூணு..."

"ஒரு பாட்டில்யா! முழு பாட்டில்! போதுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்ஜினியர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; அவருடைய கருவி பிழைத்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. இத்தனை படித்த, எல்லாம் தெரிந்த, கையும் காலும் நன்றாக இருக்கிற மனிதர் இரண்டு நாள் தாங்கவில்லையே, வார்டில் வாரக்கணக்கில் படுத்திருக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஏலக்காரரிடமே கேட்டாள்.

"சார், நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப?"

"நானா?" அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "பூ ஜாடித் தண்ணியைக்கூட... விட்டு வைக்கல."

கெட்டித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி நினைத்துக்கொண்டிருந்த ஆட்களில் எத்தனை பேர் திருட்டுத்தனமாக, படுத்தபடி, அவசர அவசரமாகச் சாதாரணத் தண்ணீரைக் குடிக்கிறார்களோ! புரை ஏறுவதற்கு அதைவிட மோசமான வழி கிடையாது.

"திட்டத்தை மாத்தறேன்" என்றாள் அக்கா. "ஒளிஞ்சு குடிக்கிறதை நம்ம முன்னாடியே குடிக்கட்டும். வாயைச் சுத்தம் பண்ணி, நிமிர்ந்து உக்கார வச்சு, பக்கத்துல ஆள் நின்னு, சின்னச் சின்ன மடக்கா. அது தாங்குதா இல்லையான்னு பார்ப்போம்."

புள்ளியியல் பேராசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் போட்ட கணக்கெல்லாம் குப்பைக்கா?" என்றார். மறுநாள் காலையில் புதுக் கணக்கோடு முதல் ஆளாக வந்து நின்றதும் அவர்தான்.

ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு எளிதில் மசியவில்லை. புரை ஏறக்கூடியவர்களுக்கு நீங்களே தண்ணீர் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். அப்போது பெரிய டாக்டர் எழுந்தார். ஆஸ்பத்திரியே நடுங்கும் அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் கதையைச் சொல்றேன். நான் கை கழுவற இடத்துல திருடிக் குடிச்சேன். எனக்கு வியாதிகூட இல்லை" என்றார். அந்தக் கதை வெளியே பரவினால் தன் மரியாதை என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னார். பரவியது. வார்டுப் பையன்கள் முதல் டீன் வரை சிரித்தார்கள். அனுமதியும் கிடைத்தது.

ஆய்வு நடந்த வருடங்கள் எல்லாம் சிரிப்பாகவே போய்விடவில்லை. சாதாரணத் தண்ணீர் குடித்த நோயாளிகளில் ஒருவருக்குக் கடுமையான நிமோனியா வந்தது. அக்கா உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் விசாரித்து முடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எங்கள் யார் தொண்டையையும் அவள் பார்க்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அவருக்கு வந்த தொற்று வேறு வழியாக வந்தது, தண்ணீரால் அல்ல என்று அறிக்கை வந்தது. நோயாளியும் தேறினார். அக்கா அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுபடி தொடங்கலாமா என்று குழுவினர் கேட்டபோது, அந்த அம்மா சம்மதம் சொன்ன பிறகுதான் சரி என்றாள்.

முடிவு ஒன்றும் வானத்தைப் பிளக்கவில்லை. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, கவனமாகக் கொடுத்தால், சாதாரணத் தண்ணீர் கெடுதல் செய்யவில்லை. அவர்கள் அதிகமாகக் குடித்தார்கள், குறைவாகத் திட்டினார்கள். ஆய்வுக் கட்டுரையை வெளியிடுமுன் பத்திரிகைக்காகப் பரிசீலித்த இருவரில் ஒருவர், ரொம்பத் துணிச்சலாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். இன்னொருவர், ஏன் இவ்வளவு பயந்து எழுதியிருக்கிறீர்கள் என்றார். அக்கா அந்த நாள் முழுக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து இருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினாள். கட்டுரையாளர்கள் வரிசையில் ஏலக்காரர் பெயரும் அச்சானது. அவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டி, பார்க்க வருகிறவர்களிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார். விற்கிற எண்ணம் இல்லை, கேட்கிற சுகம்.

பல்கலைக்கழகம் அக்காவைப் பேராசிரியராக்கியது. கூடவே ஒரு நிபந்தனை: இனி வார்டு வேலை வேண்டாம், முழுநேரமும் இங்கேதான்.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்றாள்.

"மேடம், இது ப்ரமோஷன்" என்று நிர்வாகத்தில் புரியவைக்கப் பார்த்தார்கள்.

"தெரியும். வாரத்துல ஒரு காலை நேரம் வார்டு குடுங்க, வாங்கிக்கறேன்."

அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள். பெரிய டாக்டர் போனில் யாரையோ கூப்பிட்டு எதையோ சொன்னார், வழக்கம் வந்துவிட்டது.

பேராசிரியரான பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கோப்பையை நீட்டினாள். சுற்றிலும் நர்ஸ், டயட்டீஷியன், பட்டையோடு இன்ஜினியர், பயிற்சிக்கு வந்த இரண்டு டாக்டர்கள், எல்லோருக்கும் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு பெரிய டாக்டர்.

"தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, மெதுவா முழுங்குங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மா முழுங்கினார். இருமல் இல்லை. குழு மூச்சு விட்டது. அவர் ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தார், வகுப்பில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கிற பார்வை.

"ஒரு வாய்த் தண்ணி குடுக்கறதுக்கு... எதுக்கு இத்தனை பேர்? வேலை வெட்டி... இல்லையா?"

பெரிய டாக்டர்தான் முதலில் நழுவினார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அக்கா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மடக்கை ஊற்றினாள்.