வால் இல்லாத வண்டி

நாகராசு குடித்துவிட்டு ஓட்டியதால்தான் வண்டி கவிழ்ந்தது என்று ஆவுடையப்பன் போலீசில் சொன்ன அன்றே, அந்த ஆளை விடுவதில்லை என்று சந்தனம் முடிவு செய்துவிட்டான். நாகராசு அவன் கூடப்பிறந்த தம்பி. பீடிகூடப் பிடிக்காதவன்.

அண்ணன் தம்பி இருவரும் புதுக்கோட்டையில் ஆவுடையப்பனின் பஸ் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். தம்பி டிரைவர். அண்ணன் பட்டறையில் பஸ்களுக்குத் தகரக் கூண்டு அடிப்பவன். முதலாளிக்கு வேகத்தின் மேல் தீராத பைத்தியம். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த இஞ்சினை வைத்து, ஒரே ஆள் உட்காருகிற மாதிரி நீளமாக ஒரு வண்டி செய்யச் சொன்னார். நார்த்தாமலைக்கு அங்கிட்டு, சண்டைக் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட தளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஓட்டி, இந்தச் சீமையில் எவனும் போகாத வேகத்தில் போய்க் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த வண்டியின் பின்னால் மீன் வால் போல ஒரு தகடு செங்குத்தாக நின்றது. வேகம் ஏற ஏறக் காற்று அடியில் புகுந்து வண்டியைத் தூக்கப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும். அந்த நேரத்தில் வண்டியைத் திரும்பவிடாமல் நேராகப் பிடிப்பது அந்த வால்தான். இதையெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தில் படித்து, வாலை வைக்கச் சொன்னதே ஆவுடையப்பன்தான். ஆனால் ஓட்டிப் பார்த்தபோது அவர் நினைத்த வேகம் வரவில்லை. கனத்தைக் குறைக்க வாலை வெட்டச் சொன்னார்.

"வால் இல்லாம வண்டி கையில நிக்காது முதலாளி. ஆடிக் காத்து வேற அடிக்குது" என்றான் நாகராசு.

பயமாக இருந்தால் பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு கிட என்றார் அவர். உளியை வைத்து வாலை வெட்டி எடுத்தவன் சந்தனம். நாகராசு ஏறி ஓட்டினான். பாதித் தளம் தாண்டியதும் மேற்கிலிருந்து ஒரு காற்று அடித்தது. வண்டி பக்கவாட்டில் திரும்பியது; அடிவயிறு தெரிய எழும்பி, மல்லாக்க விழுந்து உருண்டது.

மதுவிலக்குக் காலம். குடித்திருந்தான் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னதும் செத்தவனே குற்றவாளியாகிவிட்டான். நாகராசின் மனைவி அமராவதியைத் தண்ணீர்க் குழாயடியில்கூடக் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் அடையாளம் சொன்னார்கள்.

சந்தனம் வேலையை விடவில்லை. முதலாளி வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். விசுவாசமான ஆள் என்று ஆவுடையப்பன் நம்பினார். ஐந்தாறு வருஷம் போயிற்று. ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில் அவருக்கு மறுபடி ஆசை வந்தது. புது வண்டி, இந்தத் தடவை தானே ஓட்டப் போவதாக ஊரெல்லாம் சொன்னார். வால் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்று சந்தனத்திடம் பல தடவை சொல்லி அனுப்பினார்.

சந்தனம் வாலைச் சட்டத்தோடு சேர்த்து அடிக்கவில்லை. மேல் தகரத்தில் மட்டும் ஒப்புக்கு ரிவிட் ஆணி அடித்து, மேலே பெயிண்ட் பூசினான். முழு வேகக் காற்றில் அது பிய்ந்துகொண்டு போகும். இதை அமராவதியிடம் மட்டும் சொன்னான். "செய்யுங்க மச்சான்" என்றாள் அவள்.

மாசி மாதம். தளத்தில் திருவிழாக் கூட்டம். ஆவுடையப்பன் கண்ணாடி மாட்டி, வண்டி மேல் கைவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு தன் டிரைவர்களில் ஒருவனான ஆவூர் இன்னாசியைக் கூப்பிட்டு, முதலில் நீ முழு வேகத்தில் ஒரு நடை போய்விட்டு வா, அப்புறம் நான் ஏறுகிறேன் என்றார்.

சந்தனம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். இன்னாசியின் மனைவி கைப்பிள்ளையோடு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி அமராவதி நின்றாள். சந்தனம் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். இஞ்சின் உறுமியது. சந்தனம் ஓடிப்போய் உள்ளே கையை விட்டு சுவிட்சை அணைத்தான்.

"எறங்கு இன்னாசி. வால் நிக்காது."

யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே ஆவுடையப்பன் வந்தார். சந்தனம் ஒரு கடப்பாரையைச் செருகி நெம்பினான். வால் தகரத்தோடு பெயர்ந்து விழுந்தது.

"நான்தான் நிக்காம அடிச்சேன். ஒங்களுக்காக அடிச்சது. இவனுக்கில்ல."

கொலை முயற்சி என்று வழக்குப் போட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறிய ஆவுடையப்பன், வால் போனால் வண்டி கவிழும், ஓட்டுகிறவன் பிழைக்க மாட்டான், அது தெரிந்தேதான் இவன் செய்தான் என்று அழுத்தமாகச் சொன்னார். நீதிபதி எழுதுவதை நிறுத்தி, தம்பியின் சாவைப் பற்றிச் சந்தனம் கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் புரட்டினார். அப்படியானால் நாகராசு ஓட்டிய வண்டியில் வால் இருந்ததா என்று கேட்டார்.

ஆவுடையப்பன் அரசு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை."

"யார் எடுக்கச் சொன்னது?"

ஆவுடையப்பன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "நான்தான்" என்றார். அமராவதி கோர்ட்டு வராந்தாவில் நின்று அதைத் தன் காதால் கேட்டாள்.

சந்தனத்துக்குத் திருச்சி ஜெயில். பழைய சாவுக்காக ஆவுடையப்பன் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டு டிரைவர்கள் எழுந்து நிற்பது நின்றுபோனது.

ஜெயிலுக்குப் பார்க்க வந்த அமராவதி, இப்போது யாரும் தன் புருஷனைக் குடிகாரர் என்று சொல்வதில்லை என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அந்தாளு இன்னும் சோறு திங்கிறான், மச்சான்."

சந்தனத்துக்கும் அதே கணக்குத்தான் தீராமல் இருந்தது. வெளியே வந்தபின் புதுக்கோட்டைக் கடைவீதியில் சின்னதாக ஒரு தகரப் பட்டறை வைத்தான். ஆவுடையப்பனின் கார் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பான். கார் கண்ணுக்கு மறைகிறவரை பார்ப்பான். சில மாதங்களில் அந்தக் கார் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது.