முப்பது சென்டிமீட்டர் வாளிக்கு ஒரு லேப்டாப்

முப்பது சென்டிமீட்டர். இந்த எண்ணை மனதில் வையுங்கள். லௌட்டோகா நகரத்தில் லேப்டாப் விற்றுப் பிழைக்கிற எவனுக்கும் இது தெரியாது. எந்த விளம்பரத் தாளிலும் இது வராது.

ஒரு பிஸ்கட் வாளியின் உள்ளுயரம் அது. பிளாஸ்டிக் வாளி. மூடியை முழங்கையால் அழுத்தி மூடினால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. யசாவா தீவுகளுக்குப் போகிற சிறு படகில் நாலு மணி நேரம் உட்கார்ந்து போனால், நனையாமல் கரை சேர்வது வாளிக்குள் இருப்பது மட்டும்தான். ஆள் நனையும், மாவு மூட்டை நனையும், பாதிரியாரே ஏறினாலும் அவரும் நனைவார்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, அந்த வாளியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நகரத்தின் பெரிய கடை ஒன்றுக்குள் உலமிலா நுழைந்தாள். துணைக்கு நான்.

உலமிலாவை எனக்கு அவளுடைய பத்தொன்பது வயதிலிருந்து தெரியும். துணித் தொழிற்சாலையில் பாக்கெட் தைத்தாள். நாளெல்லாம் பாக்கெட். யாருடைய சட்டைக்கோ. பதினோரு வாரம் வேலைநிறுத்தம் செய்தோம். எங்கள் சங்கத்தின் நிதி ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் அவளுடைய தீவிலிருந்து படகு வந்தது: மரவள்ளிக்கிழங்கு மூட்டை, சுட்ட மீன், தேங்காய். அவள் ஆள் அனுப்பிக் கேட்டாள், அவர்கள் கொடுத்தார்கள். இருநூறு பெண்கள் அதைத் தின்றுதான் வாசலில் நின்றார்கள். சங்கம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? தலைவர் படம் போட்டு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தது. அதை எழுதிய மகா அறிவாளி நான்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. ஜெயித்த மூன்றாம் வருஷம் முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை மெஷின்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை கதவில் பூட்டுப் போட்டான். கோழை. உலமிலா தீவுக்குத் திரும்பி, தேவாலயக் கூடத்தில் பதினோரு குழந்தைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அது பாலர் பள்ளி ஆனது. பதினான்கு வருஷம் அவள்தான் டீச்சர். அந்தத் தீவில் படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதல் எழுத்து உலமிலா கையைப் பிடித்து எழுதியது என்றுதான் சொல்லும்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சான்றிதழ் இல்லாத டீச்சர் எல்லாரும் மூன்று வருஷத்துக்குள் படித்துத் தேற வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தபால் வழிப் படிப்புதான். ஆனால் பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டி, கம்ப்யூட்டரிலேயே அனுப்ப வேண்டுமாம். மின்கம்பி இல்லாத தீவுக்கு இந்தக் கட்டளை. இதை எழுதியவன் குளிர் அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். அவன் செருப்பில் கடல் மண் ஒட்டியே இருக்காது.

இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறைதான் கடைசி, அந்த நவம்பரில். அதற்குத்தான் இந்த லேப்டாப்.

கடையில் ரவ்னீல் என்று ஒரு பையன். கழுத்தில் பெயர் அட்டை, தலையில் அரை கிலோ எண்ணெய்.

“வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. பையனுக்கா பாக்குறீங்க?”

“எனக்கு.”

“ஓ, ஃபேஸ்புக் பாக்கவா?”

“பரீட்சை எழுத.”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. காதில் வாங்குவதற்கு அவனுக்குச் சம்பளம் தரவில்லை போல. நேராகப் போய் ஒரு பெரிய பலகையைத் தூக்கிவந்தான்.

“இது பாருங்க, பதினஞ்சரை இஞ்ச். கீபோர்டுல செவப்பு லைட் எரியும். கேம் எல்லாம் சும்மா பறக்கும். மாசம் எழுபத்தொம்போது டாலர்தான் ஆன்ட்டி, இருபத்திநாலு மாசம்.”

உலமிலா லைட்டைப் பார்க்கவில்லை. வாளி மூடியைத் திறந்தாள், லேப்டாப்பை மூடினாள், வாளிக்குள் நிறுத்தினாள். நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“ஆன்ட்டி! ஆன்ட்டி! என்ன பண்றீங்க? இது கம்ப்யூட்டர் கடை, மீன் மார்க்கெட் இல்ல!”

“மீன் மார்க்கெட்ல எடைய மறைக்க மாட்டாங்க தம்பி. இது எத்தன கிலோ, சொல்லு?”

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினான். இருபத்திநாலு மாசத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு எடை தெரியவில்லை.

அடுத்தது பதினாலு இஞ்ச். இரண்டு விரல் நீட்டியது. கடையில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பதினோரு இஞ்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ரோஜா நிறம், பளபளப்பு, ஒரு கிலோ எடை. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர். வாளிக்குள் பூப்போல உட்கார்ந்தது, மூடியும் மூடியது.

“எடுத்துடு. அலைஞ்சது போதும்” என்றேன்.

அவள் அதை ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தாள். திருப்பி ரவ்னீல் பக்கம் தள்ளினாள்.

“வேணாம்.”

“ஏன்?”

“அழகா இருக்கு.”

தெருவுக்கு வந்ததும் கத்தினேன். நாற்பத்து மூன்று வயதில் உனக்குப் பைத்தியமா, அழகாக இருந்தால் என்ன, நவம்பருக்கு நாலு மாசம்தான் இருக்கிறது என்று. அவள் வாளியை நடைபாதையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“சாமி அண்ணே, ஏற்கெனவே ரெண்டு வாங்கினேன்ல. என்னாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லியே.”

கேட்கவில்லைதான். உப்புத் தண்ணீரில் போயிருக்கும் என்று நினைத்தேன்.

முதல் லேப்டாப்பை வெள்ளி நிறத்தில், படம் போட்ட அட்டைப் பெட்டியோடு படகில் கொண்டுபோயிருக்கிறாள். இதைவிடப் பெரிய தப்பை அந்தத் தீவில் செய்ய முடியாது. கரையில் இறங்கும்போதே ஊர் முழுக்கப் பெட்டியைப் பார்த்துவிட்டது. அன்று சாயங்காலமே தம்பி இலியேசா பாயில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனுடைய மகனுக்கு ரக்பி ஆட்டம் பார்க்க வேண்டுமாம். கெரெகெரே, அக்கா. அந்தச் சொல்லைச் சொல்லிச் சொந்தக்காரன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. கொடுத்தாள். இரண்டாவது லேப்டாப் பெரிய திரை. பாதிரியாருக்குச் சபைக் கூட்டத்தில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்ட வேண்டியிருந்தது. கொடுத்தாள். இரண்டு முறையும் பரீட்சைக்குக் காகிதத்தில் எழுதி, நகரத்தில் ஒருவனிடம் தட்டச் சொல்லி அனுப்பினாள். அவன் பாதியைத் தட்டினான். தோற்றாள்.

முப்பது வருஷம் முதலாளிகளோடு பேரம் பேசியிருக்கிறேன். ஒருவன்கூட இத்தனை மரியாதையாக உட்கார்ந்து, இத்தனை இனிமையாக ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கியதில்லை.

“இல்லன்னு சொல்லிப் பழகு” என்றேன்.

“பதினோரு வாரம் அவங்க இல்லன்னு சொல்லலியே.”

அவளை எழுப்பி, வாளியை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் சியூ குமாரியின் கடை. ஆஸ்திரேலியாவில் கழித்துக் கட்டியதையெல்லாம் கண்டெய்னரில் இறக்கி விற்கிறவள். குளிர்ப்பெட்டி, நாற்காலி, சக்கரம் போன தள்ளுவண்டி. அந்தக் குவியலுக்கு நடுவில் ஓர் அடுக்கு லேப்டாப். உலமிலா ஒன்றை உருவினாள். பாசி நிறம், ஓரமெல்லாம் தடித்த ரப்பர், பதினோரு இஞ்ச். பார்த்தால் நசுங்கிய ஆமை. மூடியில் ஆழமாகச் செதுக்கியிருந்தது: ஏதோ ஒரு பள்ளியின் முத்திரை, அதற்குக் கீழே “பள்ளி உடைமை. விற்பனைக்கு அல்ல. 217.”

வாளிக்குள் நிறுத்தினாள். ஒரு சென்டிமீட்டர் மிச்சம்.

“நூத்தி எம்பது” என்றாள் சியூ குமாரி.

பேரம் என் வேலை. “விக்கிறதுக்கில்லன்னு எழுதியிருக்கு. அதப் போய் விக்கிறியே, வெக்கமா இல்ல?”

“ஏலத்துல எடுத்தது, ரசீது இருக்கு. முப்பது வருஷம் சந்தா வாங்கித் தின்ன ஆளு, வெக்கத்தப் பத்தி என்கிட்ட பேசாத சாமி.”

“இந்தத் தழும்போட யாரு வாங்குவா? நூத்தி அம்பதுன்னு போடு.”

“தழும்புதான பிரச்சன? இந்தா, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மேல செம்பருத்திப்பூ ஸ்டிக்கர் ஒட்டித் தரேன். காசு வேணாம். புதுசு மாதிரி ஆயிடும்.”

அவள் உப்புத்தாளை எடுத்தேவிட்டாள். உலமிலா இரண்டு கையையும் மூடிமேல் விரித்து வைத்தாள்.

“தொடாதீங்க!”

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

“எனக்கு இந்த எழுத்துதான் வேணும். என் பொருள்னா கேப்பாங்க, நானும் குடுத்துடுவேன். அடுத்தவங்க பொருள யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது.”

“அப்ப ஊர்ல பொய் சொல்லப் போறியா?” என்றேன்.

“நான் வாயே தொறக்க மாட்டேன். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும். பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

ரோஜா நிற லேப்டாப்பை வாங்கச் சொன்ன என் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதியவன், தழும்புக்கு விலை குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த லேப்டாப்பிலேயே விலை மதிப்பானது அந்தத் தழும்புதான்.

ஆனால் உடனே காசைக் கொடுத்துவிடவில்லை. தொழிற்சாலையில் ஜிப்பைச் சோதிக்கிற மாதிரி மூடியை ஐம்பது முறை திறந்து மூடினாள். கீலில் விரலை வைத்து ஆட்டம் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பிறகு சார்ஜர் கம்பியைப் பிடுங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நேரம் உக்காருவ?” என்றாள் சியூ குமாரி.

“எவ்வளவு நேரம் சார்ஜ் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஏழு மணி நேரம்னு எழுதியிருக்கு.”

“எழுதினவரு இங்க இல்லியே.”

மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். ரொட்டிப் பொட்டலம் வாங்கித் தின்றோம். சார்ஜ் நூறு சதவீதத்திலிருந்து அறுபதுக்கு இறங்கியது. சூரிய மின்பலகையில் பகலில் ஏற்றிக்கொண்டால் சமாளிக்கலாம் என்று உலமிலா தலையாட்டினாள். நான் பேசிப் பேசி விலையில் பத்து டாலர் குறைத்தேன். என் அன்றைய சாதனை அதுதான்.

படகுத் துறையில் இலியேசா காத்திருந்தான். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு, நல்ல பசி. வாளியைப் பார்த்ததும் கை தானாக நீண்டது.

“அக்கா, பிஸ்கட்டா?” மூடியைத் திறந்தான். துண்டை விலக்கினான். கண் விரிந்தது. “அட, இன்னொண்ணா! அக்கா, போன தடவ குடுத்தது போச்சுக்கா. பையன் மேல ஏறி உக்காந்துட்டான். இத...”

லேப்டாப்பின் மூடியைத் தன் பக்கம் திருப்பினான். உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். எண்ணையும் படித்தான்.

உலமிலா மண்ணெண்ணெய் டின்னைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கெரெகெரே என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நவம்பர் முடிந்தது, பள்ளியும் முடிந்தது.

“நம்பர் போட்டிருக்கான்” என்றான் இலியேசா மெதுவாக. “எண்ணிப் பாப்பானுங்களா?”

அவள் அடுத்த டின்னைத் தூக்கினாள்.

“எண்ணிப் பாப்பானுங்க. வெள்ளக்காரன் பள்ளிக்கூடம், விடுவானா?” துண்டைப் பழையபடி சுற்றினான். மூடியை முழங்கையால் அழுத்தினான், இரண்டு முறை. வாளியைப் படகின் நடுவில், தண்ணீர் அடிக்காத இடத்தில் வைத்து, கயிற்றால் கட்டினான். அதன்மேல் உட்காரப் போன ஒரு பெரியவரைப் பார்த்து அதட்டினான்: “மாமா, அங்க இல்ல! அது பள்ளிக்கூடத்துச் சாமான். ஒடஞ்சா எங்க அக்காவ உள்ள தள்ளிடுவானுங்க.”

முதல் லேப்டாப்பைத் தின்றவன் மூன்றாவதற்குக் காவல்காரன் ஆனான். சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியாமல் துறையில் நின்றேன்.

அக்டோபரில் உலமிலாவிடமிருந்து போன் வந்தது. சிக்னல் கிடைக்கிற மலை உச்சிக்குத் தினமும் பள்ளி விட்டதும் வாளியோடு ஏறுகிறாளாம். பாதிரியார் ஒரு தரம் பார்த்தாராம், முத்திரையைப் படித்தாராம், வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனாராம்.

“உனக்கு உறுத்தலியா?” என்று கேட்டேன்.

“பாடமெல்லாம் முடிஞ்சதும் இத பள்ளிக்கூடத்துலயே வெச்சிடுவேன் அண்ணே. பிள்ளைங்க தட்டட்டும். அப்ப எழுதியிருக்கிறது உண்மையாயிடும்ல.”

நவம்பர் கடைசியில் முடிவு வந்தது. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். உலமிலா எடுத்தது அறுபத்தெட்டு.