விரிசல் தேடிப் போனவனுக்கு வெள்ளையடித்த வீடு

பூகம்பத்துக்கு அசையாத இடமாகப் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். அசைந்தால் மாட்டிக்கொள்வேன், அசையாவிட்டால் யாரும் மெச்சப்போவதில்லை. ஆய்வு வேலை பார்க்கும் அன்பர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ராஜபாளையம் பக்கத்து நூல் மில்களுக்காக ஒரு சோதனைக்கூடம் வைக்க இடம் தேடி என்னை அனுப்பினார்கள். அங்கே நூலை நிறுக்க வரப்போகும் தராசில் மூச்சு பட்டாலே முள் ஆடும். இடம் தவறினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேலதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் பயப்படவில்லை. பழைய சுவர்களின் விரிசலைப் பார்த்தே பூமியின் குணத்தைச் சொல்லிவிடுவேன்.

தேவதானத்தில் விசாரணை

முதலில் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும் என்பது முறை. தேவதானம் கிராமத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த விவசாயச் சம்சாரி ஒருவரிடம், இந்தப் பக்கம் பூமி ஆடியதுண்டா என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிதானமாக யோசித்தார்.

"ஆடலய்யா. ஆடியிருந்தா, வரப்பு எம்புட்டு தள்ளிருச்சுன்னு பக்கத்து வயக்காரன்கூட இந்நேரம் கோர்ட்டுல நிப்பேன்."

மடவார் வளாகத்தில் வரவேற்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சுப்பையா என்பவரின் பழைய வீடு சோதனைக்கூடத்துக்குத் தோதாகத் தெரிந்தது. சுவர் விரிசல்களைப் பார்வையிட வருகிறேன் என்று முறைப்படி கடிதம் போட்டேன். போய்ப் பார்த்தால் வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே நாலு சுவரும் பளிச்சென்று வெள்ளை. தைப் பொங்கலுக்கு அடிக்கிற சுண்ணாம்பை எனக்காக ஆவணியிலேயே அடித்திருந்தார்கள். மறுநாள் அறிக்கை கொடுத்தாக வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுப்பையா மோரை நீட்டினார்.

"ஆபீசரய்யா வாரப்ப வீடு விரிசலோட நின்னா எங்களுக்கு அசிங்கமில்லையா? ஒண்ணு விடாம அடைச்சாச்சு."

கொத்தனாரின் ஞாபகம்

அடைத்த கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னேன். ஞானமுத்து, பட்டாளத்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் நீட்டிய பென்சிலை ஒதுக்கிவிட்டு, அடுக்களைக் கரித்துண்டால் அடைத்த விரிசல்களையெல்லாம் புதுச் சுண்ணாம்பின் மேல் வரைந்தார். அத்தனையும் கிணற்றை ஒட்டிய ஒரே சுவரில்! மற்ற மூன்றையும் சுரண்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பூமி ஆடியிருந்தால் நாலு சுவரும் காட்டியிருக்கும். இது கிணற்றுப் பக்கம் மண் இறங்கியது, அவ்வளவுதான். கிணற்றை விட்டுத் தள்ளியிருந்த மேற்கு அறையில் தராசை வைக்கலாம் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்தேன். வேலை தப்பிய சந்தோஷத்தில் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுப்பையாவின் கண் மட்டும் கரிக்கோடுகளை விட்டு நகரவில்லை.

"ஏலே ஞானமுத்து, அய்யா போன பொறவு இன்னொரு கை அடிச்சிரு. தராசு வாரப்பவும் வீடு இப்படியா இருக்கும்?"

பல ஜில்லா சுற்றியவன் சொல்கிறேன்: வருகிறேன் என்று முன்கூட்டிக் கடிதம் போடுகிறவன் எந்த ஊரிலும் ஆய்வாளன் இல்லை, விருந்தாளிதான்.