பத்து மணி மாத்திரை

தையல் கம்பெனியில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். காலர் தைக்கும் வரிசையில் பதினோரு வருஷம். பத்து மணிக்கு டீ மணி அடித்ததும் மற்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவள் மட்டும் இழுப்பறையைத் திறந்து, பாபின் டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பாள். கர்ப்பத்தடை மாத்திரை. ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளதைச் சனிக்கிழமையே துண்டுத் துணியில் முடிந்து எடுத்துப் போவாள். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா? வீட்டில்தான் நாத்தனார் இருக்கிறாளே! புருஷனுக்கு அக்கா. தம்பிக்கு இரண்டும் பெண்ணாய்ப் போச்சே என்று அவளுக்குச் சோறு இறங்காது. இரண்டாவது பிரசவத்தில் இவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், "இன்னொண்ணு வேணாம்மா, உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொன்னது நாத்தனார் காதில் ஏறவேயில்லை. புருஷனோ, அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன்.

அப்புறம் இருமல் வந்தது. துணித் தூசு என்று இரண்டு மாசம் ஓட்டினாள். டி.பி. என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தது யார்? அந்த மகராசியேதான். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று நர்ஸ் கேட்டபோது தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் என்னத்தைச் சொல்வாள்?

"இல்லீங்க."

தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டாள். டி.பி. மாத்திரைகளில் ஒன்று கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? காலையில் எழுந்ததும் அது, பத்து மணிக்கு இது. இரண்டையும் இம்மி பிசகாமல் போட்டாள், பாவி.

நாள் தள்ளிப் போயிற்று. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனதும், நாத்தனார் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து நர்ஸிடம் சொன்னாள். சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பம்தான்.

"ஒரு நாள்கூட விடலியேக்கா!" என்று அழுதாள்.

"நீ விடல தாயி. இந்த மாத்திரை அதைத் தின்னுடுச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா வேற வழி பண்ணியிருப்போமே." நர்ஸ் குரலைத் தணித்தாள். "இப்பவும் ஒண்ணும் முடிஞ்சு போகல. வேணாம்னா வேணாம்னு உன் வாயால சொல்லு, போதும். வேற யாரையும் கேக்க வேண்டியதில்ல."

அவள் வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. மருந்துப் பையோடு நாத்தனார். மேசைமேல் கிடந்த சோதனை அட்டையில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடி என் கண்ணே! இந்தத் தடவை பையன்தான், பாரேன்!"

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நான் அவங்களைத்தான் கேக்கணும்."

"என்கிட்ட மறைக்க அவளுக்கு என்ன இருக்கு? இங்கயே கேளுங்க." நாத்தனார் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் கடிகாரத்தின் முகத்தையே பார்த்தாள். "சொல்லும்மா. வேணுமா, வேணாமா?"

டாக்டர் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. சின்னவளுக்கு இன்னும் தலைகூடப் பின்னத் தெரியாது என்பதும் ஞாபகம் வந்தது. பிடித்த கை விடவில்லை.

"வேணும்" என்றாள்.

மறுநாள் டீ மணி அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெளியே போனவள் அவள்தான்.