கட்டம் கட்டமாய் வந்த மெயில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, ஞாபகமும் விட்டுவிட்டுத்தான் வருது, பொறுத்துக்கணும். கையில் இருப்பது நாலாய் மடிச்ச ஒரு தாள். அதில் வரிசை வரிசையாய்ச் சின்னக் கட்டங்கள், நடுநடுவே கேள்விக்குறி. ஆள் போய்விட்ட ஊரில் கதவெல்லாம் சாத்திக் கிடக்கிற மாதிரி.

ஜவ்வாது மலையில் புளியும் தேனும் வாங்குகிற ஆபீசில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கிளார்க் ஐயா. அவருடைய ஒரே மகள் சண்டை போட்டு வெளியூர் போனவள், போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். ரெண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் மெயில் வந்தது. மேலே இங்கிலீஷில் அவள் பேர், கீழே முழுக்கக் கட்டம். பழைய பொட்டி, தமிழ் எழுத்து அதுக்குப் பிடிபடாதாம். பத்து நாளில் இன்னொன்று, அதுவும் அப்படியே. ஐயா அந்த ரெண்டாவதைத் தாளில் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா எழுதிக்கீறான்னு தெரியலியேம்மா. இன்னான்னு கேட்டு ஒரு பதில் போட்டுட்றேன்" என்று உட்கார்ந்தார்.

என்றைக்கும் வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். காட்டில் பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும், மூணாவது தரம் கூப்பிடாமல் எங்கள் பக்கம் பதில் கொடுக்கமாட்டோம். முதல் ரெண்டும் யார் குரலோ.

"வேணாங்க ஐயா. ரெண்டு தரந்தான் கூப்ட்டுக்குது. மூணாந்தரம் வரட்டுங்க."

பேய்க்கு இங்கிலீஷில் பேர் எழுத வருமா என்று கிண்டல் பண்ணினார். ஆனால் அவரும் மலைக்காரர். விரலை எடுத்துக்கொண்டார்.

ஒரு மாசம் கழித்து மூணாவது மெயில் வந்தது. அவள் பேரில்தான், ஒரு கட்டம் இல்லாமல், எல்லாம் இங்கிலீஷில், தெளிவாக. எழுதியது அவள் இல்லை, கூடத் தங்கியிருந்த பெண். காய்ச்சலில் கிடந்து, அப்பா பதில் போட்டாரா, போட்டாரா என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாளாம். ஐயா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இந்தத் தாளை மடித்து, "நீயே வெச்சிக்கோம்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஐயாவும் இல்லை. இத்தனை வருஷம் பிரிக்காத தாளை நேற்றுத்தான் பிரித்தேன். பழைய மெயில் புதுசுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி விழும் என்று ஐயா சொல்வார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நம்பர் எனக்குத் தெரியும். மேலே ஒரு தேதி, நடுவில் ஒரு தேதி. எங்களுக்கு அதுவரை வந்தது ரெண்டுதான், ஆனால் அடியில் இன்னொன்று இருக்கிற மாதிரித் தெரியுது. எனக்குக் கண் சரியில்லை. தெரிந்தவர்கள் யாராவது இந்தத் தாளைப் பார்த்து, அவள் கூப்பிட்டது ரெண்டு தரமா மூணு தரமா என்று சொல்லுங்க.