மினுங்காத, ஒட்டாத தரை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை. பாண்டுப்பிலிருந்து கிளம்பினேன். ஓர் அறைக்குத் தரை வாங்க.

ஒரு நாள் பயணம். மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மலை இல்லை. கடலும் கண்ணில் படவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். சிறப்புக் குழந்தைகளுக்குச் சின்னதாகப் பள்ளி நடத்துகிறவர்கள், அங்கே பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், மும்பையில் தரை தேடி அலையப்போகும் யாருக்காவது இது பயன்படலாம். நான் தேடியபோது தமிழில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

காரணம் கதிர். என் அக்கா செல்வியின் மகன். ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. நமக்கு ஓசை மட்டும்தான் உரக்க இருக்கும். அவனுக்கு வெளிச்சமும் உரக்க இருக்கும். தரையும்.

செம்பூரில் அவன் படிக்கும் பள்ளி ஏப்ரலில் புது இடத்துக்கு மாறியது. முதல் மாடி, இரண்டு அறைகள், ஒன்பது பிள்ளைகள். முன்பு அங்கே துணிக்கடை இருந்ததாம். தரை முழுக்க வெள்ளைப் பளபளப்பு டைல்ஸ். மேலே எரியும் ஒவ்வொரு டியூப்லைட்டும் கீழே இன்னொரு முறை எரியும். கதிர் வாசலோடு நின்றுவிட்டான். சில நாள் பார்த்துவிட்டு அவனைத் தூக்கி உள்ளே விட்டார்கள். திமிறினான். படியிறங்கி ஓடிச் சாலைக்குப் போய்விட்டான். ஓர் ஆட்டோ பிரேக் போட்டது. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான் என்று எழுத முடிகிறதே.

பள்ளி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜூனில் திறக்கும்போது அவன் தானாக உள்ளே வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் பொறுப்பேற்க முடியாது. அக்காவுக்குத் தாராவியில் ஒரு பைத் தொழிற்கூடத்தில் தையல் வேலை. முதலாளி ஜூன் வரை லீவு கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அந்த மிஷினில் வேறு ஆள். பள்ளி இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை.

தரையை மாற்றப் பெற்றோர்கள் சேர்ந்து பணம் திரட்டினார்கள். எதை வாங்குவது என்பதை என்னிடம் விட்டார்கள். ஐரோலியில் ஓர் உள்ளலங்கார நிறுவனத்தில் வரைபடம் போடுகிறேன். 'ஒனக்குத் தெரியாததா' என்றாள் அக்கா. தெரியாது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

பாண்டுப் – தாராவி

காலை 9.10 ஸ்லோ வண்டி. சயானுக்குப் பத்து ரூபாய் டிக்கெட், அரைமணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம். சனிக்கிழமை என்பதால் நிற்க இடம் கிடைத்தது. சயானில் இறங்கி நடந்தால் கால்மணி நேரத்தில் தாராவி, அக்கா வீடு.

அக்கா கிளம்பத் தயாராக இருந்தாள். கதிர் இல்லை. அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவதாகத் திட்டம்.

“அவனும் வரணும்க்கா.”

“எதுக்குல? வெயிலு மண்டையப் பொளக்கு. கடையில போயிக் கத்துனாம்னா யாரு பதில் சொல்லுதது?”

“தரை அவனுக்குத்தானே.”

“ஒனக்குச் சட்டை எடுக்கப் போனா நீ கூட வருவியா? நான் எடுத்தாந்தத போட்டுக்கிட்டுத் திரியுத.”

“அதனாலதான் எனக்கு ஒண்ணுமே பொருந்த மாட்டேங்குது.”

சிரித்துவிட்டாள். “சரி, வழியில உக்காந்துட்டாம்னா நீயே சொமக்கணும். எனக்கு இடுப்பு இல்ல.”

கதிர் அதிகம் பேசமாட்டான். அவனிடம் இருப்பது ரயில் அறிவிப்பு. ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் 'அக்லா ஸ்டேஷன்' என்பான். அடுத்த நிலையம். போகலாம் என்று பொருள். பிடித்திருந்தால் எதுவும் சொல்லமாட்டான். அவனோடு வெளியே போகிறவர்களுக்கு இந்த அளவு அகராதி போதும்.

தாராவி – மாட்டுங்கா

டாக்சி, ஐம்பது ரூபாய், இரண்டரைக் கிலோமீட்டர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: மாட்டுங்கா பக்கம் ஆட்டோ ஓடாது. டாக்சி, பஸ், ரயில் மட்டும். பையன் ஆட்டோவுக்குப் பழகியவன் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாங்கள் சொல்லவில்லை. பத்து நிமிடம் போனது.

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு தரைவிரிப்புக் கடை. உரிமையாளர் தன்ஜி பாய், குஜராத்தின் கச்சுப் பக்கத்துக்காரர். மாட்டுங்காவில் கடை வைத்திருப்பதால் தமிழ் பேசுகிறார், தன் விருப்பப்படி.

“ஸ்கூலுக்கா? இது பாருங்க.” ஒரு சுருளை உதறினார். கரடிகள், எழுத்துகள், ஒரு சாலை, சாலையில் கார்கள். “பசங்க எல்லாம் குஷ் ஆகும்.”

“எங்க புள்ள குஷி ஆவமாட்டான் சேட். ஓடிருவான்,” என்றாள் அக்கா.

“எங்கே ஓடும்?”

“ஒங்க கல்லாப்பெட்டிக்கு.”

தன்ஜி பாய் கல்லாவை இடுப்பால் மூடினார். கதிர் அந்தச் சுருளைப் பார்க்கவே இல்லை. படம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தரையில் ஒரு கோடு இருந்தால் கதிர் அதைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்பான். அவ்வளவு கார்களை எப்படித் தாண்டுவான்.

பொம்மைக்கடைகளில் கிடைக்கும் ஃபோம் பாயை முதலில் ஒதுக்கினோம். துண்டு துண்டாகக் கோத்து விரிப்பது. கதிர் அதைக் கழற்றுவான், பிறகு கடிப்பான். ரப்பர் ஷீட் நன்றாக இருந்தது. வாடை பலமாக இருந்தது. அக்காவே மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மனதில் வைத்துப் போனது மங்கலான வினைல், பிளாஸ்டிக் விரிப்பு. மர நிறம், மினுமினுப்பு இல்லாதது. படித்த எல்லா வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்லின. கண் கூசாது. காலடி ஓசை அடங்கும். துடைப்பது எளிது. சதுர அடி 45 ரூபாய். தன்ஜி பாய் இரண்டு மீட்டர் விரித்தார். கதிர் அதன்மேல் நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

“முடிஞ்சிது போ,” என்றாள் அக்கா. தன்ஜி பாய் பில் புத்தகத்தைத் தேடினார்.

கதிரின் செருப்பு வார் அவிழ்ந்திருந்தது. அக்கா குனிந்து அதை மாட்டப் போனாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல: “என்னத்துக்கு மாட்டுதேன். ஸ்கூல் வாசல்ல எப்படியும் கழத்தத்தான போறான்.”

எனக்கு உறைத்தது. நான் படித்த வழிகாட்டிகள் அனைத்தும் ஷூ போட்ட பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. நம் சிறு பள்ளிகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். உள்ளே வெறுங்கால். தினமும் செருப்பைக் கழற்றி வாழ்கிற நாங்கள் மூவரும், தரை பார்க்க வந்த இடத்தில் செருப்போடு நின்றுகொண்டிருந்தோம்.

“கழட்டிவிடுக்கா.”

மே மாத மும்பை. எல்லா உள்ளங்காலும் ஈரம். கதிர் வினைலில் ஓரடி வைத்தான். அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியபோது அது 'ப்ச்' என்று பிரிந்தது. இன்னோர் அடி. ப்ச். காதைப் பொத்திக்கொண்டான்.

“அக்லா ஸ்டேஷன். அக்லா ஸ்டேஷன்.”

நானும் செருப்பைக் கழற்றி நடந்தேன். ஒட்டியது. நமக்கு அது ஒன்றுமில்லை. ஒன்பது பிள்ளைகள், பதினெட்டுக் கால்கள், காலையிலிருந்து மதியம்வரை.

அக்கா அவனைக் கடையை விட்டு இழுக்கத் தொடங்கியிருந்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். வினைலின் ஓரத்தைப் பிடித்து மடக்கினான். பின்பக்கம் சாம்பல் நிறத்தில், கம்பளித் துணிபோல இருந்தது. அதன்மேல் ஏறி நின்றான். காதிலிருந்து கையை எடுத்தான்.

“அரே, உல்டா!” என்றார் தன்ஜி பாய். “அது பின்பக்கம் தம்பி. தண்ணி பட்டா சடும், அழுகிப் போகும்.” பிறகு அவனைப் பார்த்தபடியே இருந்தார். “இந்த மாதிரியே நேர்ப்பக்கம் இருக்குற மால், சரக்கு, வேணுமா? ஆபீஸ் மால் இருக்கு. ஸ்கூலுக்கு யாரும் கேக்க மாட்டாங்க.”

கார்ப்பெட் டைல். அரை மீட்டர் சதுரம். குட்டையான, அழுத்தமான இழை. பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரே நிறம், படம் கிடையாது. அடியில் கனமான ரப்பர் பூச்சு, அதனால் தானாகவே கிடக்கும், நகராது. சதுர அடி 65 ரூபாய். கதிர் அதில் நின்றான். கட்டைவிரலை முன்னும் பின்னும் தேய்த்தான். பிறகு வாய் திறக்காமல் உட்கார்ந்தான்.

வாங்கவில்லை. ஐநூறு ரூபாய் முன்பணம் வைத்து நான்கு டைல்களை மட்டும் இரவல் எடுத்தோம். கடைகளில் கேட்டால் கொடுக்கிறார்கள். கேளுங்கள்.

மாட்டுங்கா – செம்பூர்

ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டாக்சி, 150 ரூபாய். ரயிலில் போனால் வடாலாவில் மாற வேண்டும். கையில் டைல், தோளில் பையன். டாக்சியே மேல்.

ஓட்டுநர் நான்கு சதுரங்களையும் பார்த்தார். “இத்னா சா கார்ப்பெட்? கிஸ்கே லியே?” இவ்வளவு சின்னக் கார்ப்பெட் யாருக்கு என்கிறார்.

“ராஜா கே லியே,” என்றாள் அக்கா. ராஜா ஜன்னல் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் விசாலம் டீச்சர் காத்திருந்தார். மாட்டுங்காவாசி. வங்கி வேலையை விட்டு இந்தப் பள்ளியைத் தொடங்கியவர். விடுமுறையிலும் அறைகளைத் துடைத்து வைத்திருந்தார். பினாயில் வாடை மாடிப்படியிலேயே வந்தது.

“கார்ப்பெட்டா? நன்னாருக்கு. ஈரத்துணி எங்கே போடறது?”

“போடக்கூடாது டீச்சர். பெருக்கலாம். வேக்குவம் போடலாம்.”

“தெனம் கார்த்தால ரெண்டு பக்கெட் ஜலம். அதுக்கப்புறம்தான் கொழந்தைகள் உள்ள வரும். தரையிலதான் உருள்றதுகள். கீழ விழுந்த பிஸ்கட்டை எடுத்து வாயில போட்டுக்கறதுகள். துடைக்காத தரையில நான் எப்படி உக்காத்தி வெப்பேன்? ஆபீஸுன்னு நெனச்சுண்டு பேசறேளா?”

“டைலைத் தனித்தனியாக் கழட்டி அலசலாம் டீச்சர்.”

“ஜூலைல எங்கே காயும்? உங்காத்துத் துண்டு காயறதா ஜூலைல?”

காயாது.

“நாலு டைல் கூட வாங்கி வச்சுக்கிடுவோம் டீச்சர்,” என்றாள் அக்கா. “அசிங்கமாச்சுன்னா அத எடுத்துட்டு வேற போடலாம். கழுவுத வேல எனக்கு விடுங்க.”

“நாலு போறாது செல்வி. ஒம்பது கொழந்தை. ஒருத்தன் தெனம் ஒண்ணுக்குப் போறான்.” அவர் பிடிவாதத்துக்காகப் பேசவில்லை. இத்தனை வருடம் அந்தத் தரையை அவர்தான் துடைத்தார். “எனக்கு மனசு ஒப்பலை. அவ்வளவுதான்.”

அப்போது கதிர் வாசலில் இருந்தான். நான் டைல்களை வாசலையொட்டி உள்பக்கமாக வரிசையாகப் போட்டிருந்தேன், விளக்கைப் போடாமல். பேச்சில் நாங்கள் அவனை மறந்திருந்தோம். அவன் செருப்பைக் கழற்றி முதல் டைலில் ஏறியிருந்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதோடு பாதை முடிந்தது. அதற்கு அப்பால் வெள்ளை.

அக்கா அசைந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கதிர் நின்றான். திரும்பி, தனக்குப் பின்னால் காலியாகக் கிடந்த டைலை எடுத்தான். கனம். இரண்டு கையாலும் தூக்கி முன்னால் போட்டான். அதில் ஏறினான். மறுபடி பின்னால் இருந்ததை எடுத்தான். முன்னால் போட்டான். ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டான். அவசரமே இல்லை. இப்படியே அந்த அறையைக் கடந்தான். ஜன்னல்வரை. அங்கே கீழே ஹார்பர் லைன் தண்டவாளம் தெரியும். இரண்டு டைல்களைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து ரயில் பார்த்தான்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “படுவா, வீட்டுல ஒரு தம்ளரத் தூக்கி வைக்கமாட்டான்.”

விசாலம் டீச்சர் வாசலிலேயே நின்றார். பிறகு அதிகாரக் குரலில்: “இந்த ரூமுக்கு மட்டும். அடுத்த ரூமை நான் அலம்புவேன். சாப்பாடு அங்கேதான். பிஸ்கட்டும் அங்கேதான்.”

“சரிங்க டீச்சர்.”

“பன்னெண்டு டைல் கூட.”

“சரிங்க டீச்சர்.”

“வேக்குவம் நீங்கதான் வாங்கித் தரணும்.”

அதற்கும் சரி என்றேன். இன்னும் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

போகிறவர்களுக்கு

அறை 14க்கு 16 அடி. உபரி டைல்களோடு சேர்த்துப் பதினேழாயிரத்துக்கு உள்ளே முடிந்தது. உபரியை அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு அதே நிறம் கிடைக்காது. முழுத்தரைக்கும் பசை பூச ஆள் வந்தால் அனுப்பிவிடுங்கள். பசை வாடை நமக்கு மறைந்த பிறகும் பிள்ளைகளுக்கு இருக்கும். வாசலோரத்தில் மட்டும் இருபக்க டேப் போதும். விரித்துவிட்டு ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து போடுங்கள்.

தரைத்தளத்தில் மழைக்கு ஓதம் ஏறும் அறை என்றால் இதை வாங்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும். எங்களுடையது முதல் மாடி. ஒரு பள்ளிக்குச் சரியானது இன்னொன்றுக்குச் சரியாகாது. கதிருக்குப் பிடித்த இழை வேறொரு பிள்ளைக்குக் கூசலாம். எங்கள் ஒன்பதில் ஒரு பெண் பிள்ளை காலுறை போட்டுத்தான் இதில் நடக்கிறாள். அடுத்த அறையை அப்படியே விட்டது அவளுக்கு நல்லதாயிற்று.

பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். கத்தினால் கத்தட்டும். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் கழற்றுங்கள். குளிர்காலத்தில் தேர்வு செய்யாதீர்கள். கால் வியர்க்கும் மாதத்தில் போங்கள்.

நான் இந்த வேலையைச் செய்கிறவன். தரை என்பது வரைபடத்தில் நான் கடைசியாக நிரப்பும் வெற்றிடம். நிறமும் விலையும் எழுதி அடுத்த தாளுக்குப் போவேன். இப்போது அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நிற்கிறது. யாருடைய கால் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அலுவலகத்தில் யாருக்கும் தெரிவதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள் கதிர் அழுதான். ஆனால் அறைக்குள் உட்கார்ந்து அழுதான். நான் அலுவலகத்தில் இருப்புக்கொள்ளாமல் மதியம் அக்காவுக்கு போன் செய்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“எப்படி இருக்கான்?”

“என்னது? கேக்கல.”

“கதிர் எப்படி இருக்கான்னு கேட்டேன்!”

“ஏல, வேலையில இருக்கம்லா. சாயந்திரம் பேசு.” வைத்துவிட்டாள்.