தண்ணீர் வராத பாத்ரூம்

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் யாரும் வம்புக்கு வரமாட்டார்கள். என் சித்திக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். அது பொய்யில்லை. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடையாற்றங்கரையில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. அப்பா ஆட்டோ ஓட்டினார். சித்தி கான்ட்ராக்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஸ்டேஷனைப் பெருக்கி, கக்கூஸ் கழுவினாள்.

ஒருநாள் காலை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அப்பாவை அதே ஸ்டேஷனுக்கு விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். அவர் ஆட்டோவில் வந்த ஒரு அம்மாளின் நகைப் பையைக் காணவில்லையாம். சித்தி வழக்கம்போல வேலைக்குப் போனாள். மாடிப் பக்கம் மட்டும் வராதே என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் அப்பா திரும்பினார். வலது கையில் தோள் வரை மாவுக்கட்டு. பாதம் வீங்கி, நிற்க முடியவில்லை. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் நம்பினேன். பார்த்து நடக்கக் கூடாதா என்று அப்பாவைக் கடிந்துகூடக் கொண்டேன். அவர் இடது கையால் என் தலையைத் தடவினார்.

ஒரு வாரம் கழித்துப் பை அந்த அம்மாள் வீட்டு பீரோவிலேயே கிடைத்ததாம். அதை எங்களிடம் சொல்ல யாரும் வரவில்லை. ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அன்றைக்கே அம்மா ஒரு பெண் வக்கீலிடம் போய், மனித உரிமை விசாரணைக்கு அப்பா பேரில் மனு எழுதிக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அப்பாவை நலம் விசாரித்துவிட்டுச் சித்தியிடம் பேசினார்.

"உன்னிய பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மேல பேசிக்கினு கீறோம். இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா? உங்க மாமாவ மனுவ வாபஸ் வாங்கச் சொல்லு."

அவர் போனதும் அப்பா, "விட்ரலாம். இவ வேல பூடும்" என்றார்.

"நீ சும்மா இரு மாமா" என்றாள் சித்தி. வாழைப்பழத்தை நான்தான் தின்றேன்.

விசாரணை நாளன்று என்னை விட்டுப்போக இடமில்லாததால் கூடவே கூட்டிப்போனார்கள். சித்தி தீபாவளிப் புடவை கட்டியிருந்தாள். நீதிபதி ஒரு வயதான மனிதர். எதிரே இன்ஸ்பெக்டரும் அவருடைய வக்கீலும். பாத்ரூம் தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டார், யார் மீதும் தப்பில்லை என்று அந்த வக்கீல் முடித்துக்கொண்டார். எங்கள் வக்கீல் சித்தியைக் கூப்பிட்டார்.

"நீ என்னம்மா வேலை பாக்குற?" என்று நீதிபதி கேட்டார்.

"அந்த ஸ்டேஷன்ல கக்கூஸ் கழுவுறேன் ஐயா."

என் காது சூடாகிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று அறை முழுக்கத் தேடினேன்.

சித்தி நிறுத்தவில்லை. "அந்த வாரம் பூரா மோட்டார் ரிப்பேர் ஐயா. சொட்டுத் தண்ணி வரல. நான் கழுவவே இல்ல, கீழ கீற ஒரே பாத்ரூமும் காஞ்சி கெடந்துச்சு. ஈரமே இல்லாத எடத்துல எங்க மாமா எப்டி வழுக்குனாரு?"

இன்ஸ்பெக்டரின் வக்கீல் எழுந்தார். "நீ அவருக்குச் சொந்தக்காரி. அவருக்காகத்தானே பேசுவ?"

"சொந்தந்தான் சார். அதுக்கோசரம் ஓடுற மோட்டாரு நின்னுடுமா? தண்ணி இல்லன்னு நான் சொல்லி, ரைட்டர் சார் ஸ்டேஷன் நோட்டுல எழுதிக் கீறாரு. எடுத்தாரச் சொல்லுங்க."

நீதிபதி எடுத்துவரச் சொன்னார். மதியம் நோட்டு வந்தது. ஸ்டேஷன்காரர்களின் கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது: மோட்டார் பழுது, தண்ணீர் இல்லை. நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரை அருகே வரச் சொன்னார். பார்த்ததும் எங்கள் பேட்டையே எழுந்து நிற்கும் அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் சித்தி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். பாதி புடவையில் சிந்தியது. எனக்கோ வேறு கவலை.

"ஏன் சித்தி கக்கூஸ்னு சொன்ன? ஆபீஸ் வேலன்னு சொல்லிருக்கலாம்ல?"

சித்தி சிரித்தாள். "ஆபீஸ்ல குந்திகினு இருந்தா, மோட்டார் ஓடலன்னு எனக்கு எப்டிடீ தெரியும்?"

உத்தரவு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. காவலில் வைத்து அடித்தது உண்மை, அதற்கு அரசு பொறுப்பு, இன்ஸ்பெக்டர் மீது நடவடிக்கை வேண்டும் என்று அதில் இருந்தது. அப்பாவின் கை இன்றும் தோளுக்கு மேல் எழும்பாது. அந்த உத்தரவின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. "துப்புரவுப் பணியாளரின் சாட்சியம் நம்பத்தகுந்தது" என்று ஒரு வரி. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

ஆனால் விசாரணைக்கு மறுநாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சித்தி வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்துவந்தாள். நன்றாகப் பேசியதற்காக லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த லீவு முடியவே கூடாது என்று தெருமுனைப் பிள்ளையாரிடம் தினமும் வேண்டிக்கொண்டேன்.